வடக்கு கோலுக்குப் பின்னால் ஒருவர்

மாலை ஐந்து மணி வாக்கில் அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல் கல்லூரியின் பின்வாசல் வழியாக உள்ளே வரும். கால் வைக்கும் இடத்தில் ஒருநாள் யூரியா மூட்டை இருக்கும், ஒருநாள் புல்லுக்கட்டு இருக்கும். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, வடக்கு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மதகுக் கட்டையில் உட்காருவார். மடித்துக் கட்டிய வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. கணுக்காலுக்கு மேலே காய்ந்த சேறு வெளிறிக் கோடாக நிற்கும். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வலது காலை மட்டும் நீட்டியேதான் வைப்பார். அந்த முழங்கால் மடங்குவதில்லை. ஒரு காலத்தில் இந்த மைதானத்தில் ஆடியவர் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதே மைதானத்தைச் சுற்றி மாலையில் நடப்பவர்களில் நானும் ஒருவன். நடந்து முடித்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வேன். அவரும் நானும் பேசிக்கொண்டதில்லை. எதிர்ப்பட்டால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவர் ஆட்டத்தைப் பார்ப்பார். நான் பெரும்பாலும் அவரைப் பார்ப்பேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் கால்பந்து அணி சில வருடங்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. தோற்கிற பிள்ளைகளை ஊரறியப் பெயர் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் சாதாரணமாக நடுக்கோட்டுப் பக்கம் உட்காருவார்கள். அங்கிருந்தால் பந்து போகிற இடமெல்லாம் தெரியும். இவர் ஏன் கோலுக்குப் பின்னால் போய் உட்காருகிறார் என்பது எனக்குக் கொஞ்ச நாள் புரியவில்லை. ஒருநாள் நானும் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் பந்தைவிட ஆட்கள் தெரிகிறார்கள். பேக் நாலு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்களா, நடுவில் ஓட்டை எங்கே விழுகிறது, பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் எவன் ஓடுகிறான், எவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்பதெல்லாம் தெரிகிறது. அவர் கணக்கெடுக்க வருகிறவர்.

டெல்டா மண்ணில் கால்பந்து மைதானத்தை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. தஞ்சைக்கு மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு, மழை நின்ற மறுநாளே ஆடலாம். கிழக்கே வரவரக் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் பெனால்டி கட்டத்துக்குள் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். பங்குனியில் அதே இடத்தில் விரல் நுழைகிற வெடிப்பு. பந்து குத்தி எழும்பினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அந்த மைதானத்தையும் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு ஓரத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகள், இன்னொரு ஓரத்தில் கபடி, நடுவிலேயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட். எங்கள் பக்கத்தில் விளையாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பூப்பந்தாட்டமே தஞ்சை அரச குடும்பத்தில் 1856 வாக்கில் தொடங்கியது என்று சொல்வார்கள். கால்பந்துக்குத்தான் இந்தக் கல்லூரியில் ஆள் குறைந்துபோனது.

பதினொரு பேர் வர வேண்டிய பயிற்சிக்குச் சில மாலைகளில் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். காரணம் சோம்பலென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வகுப்பு இரண்டு சுழற்சியாக நடக்கும் கல்லூரியில் பிற்பகல் சுழற்சிப் பையன் வெளியே வரும்போது வெளிச்சம் பாதி போயிருக்கும். சாலியமங்கலத்துக்கும் பாபநாசத்துக்கும் அதற்கு உள்ளே இருக்கும் ஊர்களுக்கும் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்தது எட்டு மணிக்கு மேல். சிலர் மாலையில் துணிக்கடையில் நிற்கிறார்கள், சிலர் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போகிறவர்களும் உண்டு. அந்த வாரங்களில் ஒரு ஹாஃப் பேக் தோள்பட்டை சிவந்து வந்து நிற்பான். பி.டி. சார் அவனை ஹெட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இதற்கு மேல், கல்லூரி அணிக்கென்றே ஒரு கஷ்டம் இருக்கிறது. எந்த ஆட்டக்காரனும் அதில் மூன்று வருடத்துக்கு மேல் தங்குவதில்லை. முதல் வருடம் சீனியர்களுக்குத் தண்ணீர் தூக்குகிறான், இரண்டாம் வருடம் இடம் பிடிக்கிறான், மூன்றாம் வருடம் ஆட்டம் பிடிபடுகிற நேரத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஒரே ஒரு ஆண்டு சரியான பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பள்ளம் மூன்று ஆண்டுக்கு நிற்கும். இரண்டு ஆண்டு சேராவிட்டால் புதியவனுக்குக் கற்றுக்கொடுக்க மூத்தவனே இருக்க மாட்டான். இந்தக் கல்லூரிக்கு நடந்தது அதுதான். நோய்த்தொற்றுக் காலத்தில் மைதானம் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்தபோது சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

பின்வாசல் டீக்கடையில் அவர் பேசுவதை ஒருமுறை காதில் வாங்கினேன். டீக்கடைக்காரரும் அந்தக் காலத்து ஆள்.

"நாங்க சேரயில மெட்ராஸ் யுனிவர்சிட்டிங்க. வெளிய வரயில பாரதிதாசன். ரெண்டு யுனிவர்சிட்டி டோர்னமெண்டும் ஆடுனோம்ல."

"அப்ப உங்க டீமு பேரு சொன்னா திருச்சில நடுங்குவாங்க."

"நடுங்குனாங்களோ என்னமோ. பஸ்ஸ விட்டு எறங்குனா வந்து பார்ப்பாங்க."

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது 1982-இல். அதைக்கொண்டு அவர் ஆடிய காலத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டேன். பழைய பெருமையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான். அடுத்த நிமிடமே பேச்சு அன்றைய ரைட் பேக்கிடம் போய்விட்டது. "அந்தப் பய நல்லா ஓடுறான். திரும்பத்தான் தெரியல. திரும்பக் கத்துக்கிட்டான்னா தப்பிச்சிருவான்." அவரிடம் எனக்குப் பிடித்தது இந்தக் குணம். தோற்கிற அணிக்கு ரசிகராக இருப்பவர்கள் பலர் பழைய கோப்பைகளை எண்ணிக்கொண்டு, இப்போது ஆடுகிறவர்களை ஏசிக்கொண்டிருப்பார்கள். இவர் மைதானத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறார். அவனிடம் என்ன இருக்கிறது, என்ன சேர்க்கலாம் என்று பார்க்கிறார்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி வந்து ஆடிய மாலை நினைவிருக்கிறது. பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு மாலை தோற்றால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது. முதல் பாதியில் இரண்டு கோல், இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு. நான்காவது கோல் கீப்பரின் கைக்கடியில் புகுந்து போனது. அப்போது வலை கிழிந்திருந்ததால் பந்து அதைத் தாண்டி மதகுப் பக்கம் உருண்டு வந்தது. கீப்பர் முதலாண்டுப் பையன். முட்டிபோட்டபடியே எழுந்திருக்காமல் இருந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டியைக் கிளப்பினார்கள்.

அவர் எழுந்தார். மடங்காத காலை இழுத்து இழுத்து நடந்துபோய்ப் பந்தை எடுத்தார். அங்கிருந்தே எறிந்திருக்கலாம், பத்து அடி தூரம்தான். எறியவில்லை. துண்டால் பந்தின் சேற்றைத் துடைத்தார். கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்து பையன் கையில் கொடுத்தார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது கடைசி இரண்டு வார்த்தைதான்: "எந்திரி தம்பி." பையன் எழுந்து பந்தை நடுக்கோட்டுக்கு உதைத்தான். ஆட்டம் 0-4 என்று முடிந்தது. அதற்குப் பிறகு அன்று கோல் விழவில்லை.

மறுவாரம் அவர் சாக்குக்குள் ஒரு கட்டு நைலான் கயிறு வைத்திருந்தார். வைக்கோல் கட்டுவதற்கு வாங்கிய மஞ்சள் கயிறு. பயிற்சி தொடங்கும் முன்னால் வலையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக முடிந்தார். ஒரு கண்ணியை இடது கைப் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கயிற்றை அதன் வழியாக விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்குவார். பிசிறு நுனியைத் தீக்குச்சியால் கருக்கி, சூடாக இருக்கும்போதே விரலால் நசுக்கி உருண்டையாக்கிவிடுவார். அப்படிச் செய்தால் முடிச்சு அவிழாது. இரண்டு கோல்போஸ்ட்டுக்கும் அதைச் செய்து முடிக்க அவருக்கு நாலைந்து மாலை பிடித்தது. வெள்ளை வலையில் அங்கங்கே மஞ்சள் முடிச்சுகள். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அத்தனை பெரிய வாசலுக்கு வலை இருந்தால்தான் கோல் அடிப்பவனுக்கும் சந்தோஷம், காப்பவனுக்கும் ரோஷம். பந்து வலையில் அடித்து விழுகிற சத்தத்தை அந்தப் பிள்ளைகள் அந்த வாரம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பயிற்சி முடிந்த பிறகும் போகாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கம் கால்பந்துக்கு ஆளில்லை என்று சொல்கிறவர்கள் அதிராம்பட்டினத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், மதுக்கூர் என்று கடலோரமும் உள்ளேயும் இருக்கும் ஊர்களில் எழுவர் கால்பந்துத் தொடர் போட்டி என்றால் திருவிழாதான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கோப்பைக்கும் பரிசுக்கும் பணம் அனுப்புவார்கள். மைதானத்தைச் சுற்றி மூன்று வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி தொடங்கிய 1955-இலிருந்து மூன்று தலைமுறைப் பையன்கள் அந்த ஊரில் கால்பந்தோடு வளர்ந்திருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, ஆசை இருக்கிறது. ஆனால் ஏழு பேர் ஆட்டம் வேறு, பதினொரு பேர் ஆட்டம் வேறு. சின்ன மைதானத்தில் குட்டி பாஸ் போட்டு, ஒருவரை ஏமாற்றி உதைத்தால் கோல். பெரிய மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டும், பந்து இல்லாமல் ஓட வேண்டும். நம் சாம்பியன்களுக்கு மூச்சு வாங்குவது அங்கேதான். அந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் பாலமாக இருக்க வேண்டியது கல்லூரி மைதானம்.

கேரளத்தில் அப்படித்தான் இருக்கிறது. அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துக்கான சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பையைக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பலமுறை எடுத்திருக்கிறது. மலப்புறத்து எழுவர் ஆட்டத்தில் வளர்ந்த பையனை அங்கே கல்லூரி கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறது. நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ராமன் விஜயன் 1997-98 தேசிய கால்பந்து லீக்கில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை. அவர் திருவாரூர் மாவட்டத்து மணவாளநல்லூரில் ஓர் அகாடமி வைத்தார். சுற்றிலும் நெல் வயல் இருக்கிற கிராமம். கொள்ளிடத்தைத் தாண்டினால் கடலூர். அந்த மாவட்டத்திலிருந்து கிளம்பிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கே ஆடினார்கள். 2018-இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடலூர் நம்மைவிடப் பணக்கார மாவட்டமில்லை. அங்கே மழை குறைவுமில்லை.

பணம் மட்டும் போதுமா என்றால், அதற்கும் பதில் நம் கண்முன்னாலேயே இருக்கிறது. 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை எடுத்தது அதுவே முதல் தடவை. சில வருடங்களிலேயே அந்த அணி லீக்கில் இல்லாமல் போனது. கல்லூரி அணிக்கு அப்படி ஒரு முடிவு வராது. எத்தனை தோற்றாலும் அதை யாரும் விற்க முடியாது. ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஜூன் மாதம் அவருக்கு இரண்டு கவலை. டீக்கடையில் பேப்பரை விரித்ததும் முதலில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பார். 120 அடிக்கு எவ்வளவு நிற்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் ஆழ்குழாய் இருப்பவன் பாடு வேறு, இல்லாதவன் பாடு வேறு. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. அந்த எட்டு ஆண்டுகளிலும் டெல்டாக்காரர்கள் மே மாதக் கடைசியில் பேப்பரைப் பார்க்காமல் விட்டதில்லை, வரப்பை வெட்டாமல் விட்டதில்லை. 2020-இல் தண்ணீர் வந்தது. 2024-இல் ஜூலைக் கடைசி வரை இழுத்தடித்தது. 2025-இல் மறுபடியும் ஜூன் 12-க்கே வந்தது. இந்த மனிதர் அணியைப் பார்க்கிற விதத்துக்கு எனக்குக் கிடைக்கிற ஒரே ஒப்பு இதுதான். போன போகம் போனது போகட்டும், இந்தப் போகத்துக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அது. வெறும் ஆசையை அவரிடம் நான் பார்த்ததில்லை. எப்போதும் கையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்த கேள்வி பி.டி. சாருக்கு.

"சார், இந்த வருசம் அட்மிசன் எப்படி?"

"நாலு பசங்க வந்திருக்கானுங்கண்ணே. ஒருத்தன் ஸ்கூல்ல டிஸ்ட்ரிக்ட் ஆடியிருக்கான்."

"எந்தப் பக்கம்?"

"ஒரத்தநாட்டுப் பக்கம்."

"கால்ல கேட்டேன் சார்."

"லெஃப்ட்டுண்ணே."

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இடது காலால் ஆடுகிறவன் ஒரு அணிக்குக் கிடைப்பது அத்தனை சுலபமில்லை. பல ஆண்டுகளாக இந்த அணியில் இடதுபுறம் வலது காலன்தான் ஆடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் பந்தை உள்ளே திருப்பி வலது காலுக்குக் கொண்டுவருவதற்குள் எதிரணி வந்து நின்றுவிடும். மைதானத்தில் பாதி அகலம் வீணாகவே கிடந்தது.

பையன் வந்த முதல் மாலை வெறுங்காலோடு ஆடினான். ஒல்லி, நல்ல உயரம். கோட்டை ஒட்டியே ஓடினான். ஓடுகிற வேகத்திலேயே, பந்தை நிறுத்தாமல் இடது காலால் கோலுக்கு முன்னால் சுழற்றிப் போட்டான். அதை வாங்கி அடிக்க அங்கே ஆளில்லை, பந்து மறுபுறம் வெளியே போனது. ஆனால் மதகுக் கட்டையிலிருந்து அவர் எழுந்து நின்றுவிட்டார். அன்று பயிற்சி முடியும்வரை உட்காரவே இல்லை.

பிறகு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் மாறின. பிற்பகல் சுழற்சிப் பையன்களுக்காகக் காலை ஆறு மணிக்கு ஒரு பயிற்சி வைத்தார் பி.டி. சார். பக்கத்து ஊர்களிலிருந்து பால் கேன் ஏற்றி வரும் வண்டியில் மூன்று பேர் தொற்றிக்கொண்டு வந்தார்கள். எழுந்திருக்க மறுத்த அந்தக் கீப்பர் இப்போது மூன்றாமாண்டு. பேக் நாலு பேரையும் பெயர் சொல்லி அதட்டுகிறான். "மாப்ள, உள்ள வா! உள்ள வாடா!" என்று அவன் போடுகிற சத்தம் வேப்பமரத்தடி வரை கேட்கும். திரும்பத் தெரியாத ரைட் பேக் திரும்பக் கற்றுக்கொண்டான். இதற்காக அவர் ஒருமுறை கைத்தடியைத் தரையில் நட்டு, அதைச் சுற்றி எந்தக் காலை முதலில் வைப்பது என்று அவனுக்குக் காட்டியதை நான் பார்த்தேன். மடங்காத முழங்காலோடு அவர் அந்தத் திருப்பத்தைச் செய்து காட்டினார். பையன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு, "புரியுது பெரியப்பா" என்றான்.

இந்த ஆண்டு முதல் சுற்றில் வென்றார்கள். 2-1. இரண்டு கோலுமே இடது பக்கத்திலிருந்து வந்த பந்தில் விழுந்தவை. இரண்டாம் சுற்றில் ஆட்டம் சமனாகி, பெனால்டி உதையில் தோற்றார்கள். கோப்பையை நினைத்துப் பார்க்க இன்னும் வெகுதூரம் இருக்கிறது. அந்த இடது காலனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கிறது. கீப்பர் ஏப்ரலில் போய்விடுவான். அவன் இடத்துக்கு ஒரு பையனை இப்போதே தேட வேண்டும். அவர் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட மைதானங்களுக்குப் போய் வருகிறாராம். டீக்கடைக்காரர் சொன்னார்.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பூண்டியிலோ படித்துவிட்டு வந்தவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்லூரி மைதானத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். இரண்டு வலை, நாலு பந்து, கீப்பருக்கு ஒரு ஜோடி கையுறை, இவற்றுக்கு ஆகிற செலவு ஒரு கல்யாண மொய்யைவிட அதிகமாகாது. அதற்கும் வசதிப்படாதவர்கள் அரைமணி நேரம் நின்று ஆட்டத்தைப் பாருங்கள். பயிற்சி ஐந்து மணிக்குத் தொடங்குகிறது.